கடைசியாகப் பார்த்த நாள்: மாசி முதல் சித்திரை வரை பறவை பார்த்துப் பகிர்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புரட்டாசியில் முதல் பழுப்புக் கீச்சான் வந்து கருவேல மரத்து உச்சியில் உட்கார்ந்து கரகரவென்று கத்தினால், அன்று மாலைக்குள் எங்கள் பறவை பார்ப்போர் வாட்ஸ்ஆப் குழுவில் ஐந்து பேராவது அதைச் சொல்லிவிடுவார்கள். அதே கீச்சான் என்றைக்குக் கிளம்பிப் போனது என்று சித்திரையில் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் மேலே பார்ப்பார்கள். "போன வாரம் இருந்த மாதிரி இருந்தது" என்று யாராவது ஒருவர் இழுப்பார்.

ஒருவருடைய கவனக்குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. வருகிற பறவை தன் வரவைத் தானே அறிவித்துவிடும். போகிற பறவை சொல்லிக்கொண்டு போகாது. கடைசியாகப் பார்க்கும் நாளில் அதுதான் கடைசி நாள் என்று நமக்குத் தெரியாது. வடக்கே இருக்கும் நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் அது பறவைகள் காலி செய்துகொண்டு கிளம்பும் காலம். ஆகவே பிப்ரவரி முதல் மே வரை பறவை பார்ப்பதற்கும், பார்த்ததை நாலு பேரிடம் சொல்வதற்கும் வேறு மாதிரி ஒரு ஒழுங்கு தேவைப்படுகிறது. நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட அந்த ஒழுங்கை வரிசையாகச் சொல்கிறேன். சென்னை, செங்கல்பட்டுப் பக்கத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் தேதிகளைக் கொஞ்சம் முன்பின் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு இடத்தைப் பிடியுங்கள்

பள்ளிக்கரணை, பழவேற்காடு, வேடந்தாங்கல் எல்லாம் அருமையான இடங்கள்தான். பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டன. ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறை போய்வரும் இடத்தில் "கடைசியாகப் பார்த்த நாள்" என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. வாரத்துக்கு இரண்டு முறையாவது போக முடிகிற இடம் வேண்டும். வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய ஏரிக்கரை, கோயில் குளம், கல்லூரி வளாகம், பெரிய பூங்கா எதுவாக இருந்தாலும் சரி. ஏதுமில்லை என்றால் மொட்டைமாடியே போதும். தகைவிலான் கூட்டத்தை என் மாடியிலிருந்து பார்த்த அளவுக்கு ஏரியில் பார்த்ததில்லை.

இடம் முடிவானதும் நடக்கும் பாதையையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். மதகிலிருந்து அய்யனார் கோயில் வரை, காலை ஆறேகாலுக்கு, நாற்பத்தைந்து நிமிடம் என்பதுபோல. ஒவ்வொரு முறையும் அதே பாதை, ஏறக்குறைய அதே நேரம். ஒரு நாள் ஒரு மணி நேரமும் மறுநாள் பத்து நிமிடமும் பார்த்தால், பறவை குறைந்ததா, நாம் பார்த்தது குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கரையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் படும், பறவை பளிச்சென்று தெரியும். மேற்குக் கரையில் நின்றால் எல்லாப் பறவையும் கருப்புப் பறவைதான். இருநோக்கி புதிதாக வாங்குவதென்றால் 8x42 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எட்டு மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகத் தெரியும்.

யார் எப்போது கிளம்புகிறார்கள்

முதலில் போவது வாத்துகள். ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, நீலச்சிறகி எல்லாம் பிப்ரவரியில் ஏரி நடுவில் கூட்டமாக மிதந்துகொண்டிருக்கும். மார்ச் ஓடஓடக் குறையும். ஒரு நாள் போனால் நீலச்சிறகி மட்டும் பத்துப் பதினைந்து நிற்கும். அடுத்த முறை அதுவும் இருக்காது.

மரத்துப் பறவைகள் கொஞ்சம் தாமதம். மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி, நீலவால் பஞ்சுருட்டான், பழுப்புக் கீச்சான் எல்லாம் பெரும்பாலும் ஏப்ரலுக்குள் விடைபெறும். ஆறுமணிக்குருவி என்று நாம் சொல்லும் தோட்டக்கள்ளனும் இந்தக் கணக்கில் வரும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு தொனியில் ஒரு விசில் அடித்துவிட்டுப் பகல் முழுக்கச் சருகுக்குள் மறைந்து கிடக்கும் பறவை அது. பார்த்துத்தான் எழுதுவேன் என்றால் ஏமாந்துபோவீர்கள், காதால்தான் பிடிக்க வேண்டும்.

சூறைக்குருவிகளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மத்திய ஆசியாவிலிருந்து வந்து, கிளம்பும் முன் இலவம், முள்முருக்கு மரங்கள் பூத்திருக்கும் இடத்தில் தேன் குடிக்கக் குவியும். அந்தி நேரத்தில் அடையும் மரத்துக்கு மேல் அவை மேகம்போலச் சுழல்வதை ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள்.

கடைசியில் போவது கரைப்பறவைகள். கொசு உள்ளான், பொரி உள்ளான், கருவால் மூக்கன், உப்புக்கொத்திகள் எல்லாம் ஏப்ரல் முழுக்க, சில மே தொடக்கம் வரைகூட இருக்கும். கேளம்பாக்கம், முட்டுக்காடு கழிவெளிகளில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் நாட்களில் இவற்றைப் பார்ப்பது எளிது.

இந்தச் சமயத்தில் ஒரு குழப்பம் வரும். நாலு மாதமாகப் பார்த்துப் பழகிய பறவைகள் கிளம்பும் முன் உடை மாற்றிக்கொள்கின்றன. குளிர்காலம் முழுக்க வெளுத்துக் கிடந்த கருவால் மூக்கனுக்குக் கழுத்தும் மார்பும் செங்கல் நிறமாகும். பொன்னிற உப்புக்கொத்திக்கு வயிறு கருக்கும். மீசை ஆலாவுக்குத் தலையில் கருந்தொப்பி வந்து, அடியில் கரும்சாம்பல் ஏறி, கன்னத்தில் மட்டும் வெள்ளை மீசை நிற்கும். பெயருக்குக் காரணமே அப்போதுதான் புரியும். இங்கேயே இருக்கும் பறவைகளும் சும்மா இல்லை. உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகும், மடையானுக்கு முதுகு அரக்கு நிறமாகும். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் இவற்றை அபூர்வப் பறவை என்று நினைத்துப் படம் அனுப்புவார்கள். சிரிக்காதீர்கள், நானும் அனுப்பியவன்தான்.

உடை மாறியதையும் குறித்து வையுங்கள். "மீசை ஆலா 60, பாதிக்கு மேல் கருந்தொப்பி" என்று எழுதுவது வெறும் 60-ஐவிட எவ்வளவோ மேல். அவை பயணத்துக்குத் தயாராகின்றன என்பதற்கு அதுதான் அடையாளம்.

எண்ணுவது

பத்துக்குள் இருந்தால் எண்ணிவிடலாம். அதற்கு மேல் போனால்தான் சிக்கல். மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்த தகைவிலான்களை இரண்டு கம்பங்களுக்கு நடுவே மட்டும் எண்ணி, எத்தனை இடைவெளியில் அப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பார்த்துப் பெருக்குங்கள். தண்ணீர்மேல் இங்கும் அங்கும் பறக்கும் ஆலாக்களை இப்படி எண்ண முடியாது. ஒரே பார்வையில் இடமிருந்து வலமாக ஒருமுறை ஓட்டி எண்ணுங்கள், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். வந்த எண்களைக் கூட்டாதீர்கள். பெரியதை மட்டும் எழுதுங்கள். சூறைக்குருவிக் கூட்டத்தில் முதலில் பத்துப் பறவை எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவை அப்படியே கூட்டத்தின் மேல் நகர்த்திப் போக வேண்டும். முதலில் குறைவாகத்தான் வரும். பெரிய கூட்டத்தைக் குறைத்து மதிப்பிடுவது எல்லோருக்கும் பொது.

எண்ணவே முடியவில்லை என்றால், பறவைப் பதிவுக்கான இ-பேர்டு செயலியில் எண்ணுக்குப் பதில் எக்ஸ் போடலாம். ஆனால் தோராயமான எண் எக்ஸைவிட நல்லது. பிப்ரவரியிலும் எக்ஸ், ஏப்ரலிலும் எக்ஸ் என்றால் நடுவில் நானூறு நாற்பதாகக் குறைந்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பட்டியல் போடுவது

இ-பேர்டு என்பது கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய பதிவேடு. கைபேசிச் செயலி இலவசம். சிக்னல் இல்லாத இடத்திலும் பட்டியல் போட்டுவைத்துப் பிறகு ஏற்றலாம். இந்தியாவில் இ-பேர்டு பரவும் முன்பே இதுபோல் ஒன்று இருந்தது. வலசைப் பறவைகளை முதலில் பார்த்த நாளையும் கடைசியில் பார்த்த நாளையும் சேகரிப்பதற்கென்றே 2007-இல் மைக்ரன்ட்வாட்ச் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதுவும் இ-பேர்டோடு சேர்ந்துகொண்டது.

செயலியைத் திறந்ததும் பட்டியலைத் தொடங்குங்கள், நேரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நடந்துகொண்டே பார்த்தால் பயணப் பட்டியல். முப்பது மீட்டருக்குள்ளேயே நின்று பார்த்தால் நிலைப் பட்டியல். பால் வாங்கப் போகும்போது தற்செயலாக ஒன்றைப் பார்த்தால் அது தற்செயல் பதிவு. போன வழியிலேயே திரும்பி வந்தால் ஒரு வழித் தூரத்தை மட்டும் போட வேண்டும். செயலி போக வர இரண்டையும் கூட்டி வைத்திருக்கும், முடிக்கும் முன் பாதியாக்கிவிடுங்கள். நான் ஒரு வருடம் முழுக்க இதைச் செய்யாமல், ஒரு கிலோமீட்டர் கரையை இரண்டு கிலோமீட்டராக நடந்திருக்கிறேன்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ஏரி ஏற்கெனவே ஹாட்ஸ்பாட்டாக, அதாவது எல்லோரும் பதியும் பொது இடமாக, இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் பத்துப் புள்ளி குத்தினால் ஒரே ஏரி பத்து ஏரியாகிவிடும்.

முடிக்கும்போது ஒரு கேள்வி வரும்: பார்த்தும் கேட்டும் உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா? இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தக் கேள்வியை வையுங்கள். ஏரியில் இருந்த அத்தனை பறவையையும் பிடித்துவிட்டீர்களா என்று அது கேட்கவில்லை. உங்களுக்குத் தெரிந்த ஒன்றையும் விடாமல் எழுதினீர்களா என்றுதான் கேட்கிறது. காகம், மாடப்புறா, மைனா எல்லாவற்றையும் எழுதியிருந்தால் ஆம் என்று சொல்லலாம்.

அந்த "ஆம்" எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. ஏப்ரல் 12-ஆம் தேதிப் பட்டியலில் கீச்சான் இல்லை, பட்டியல் முழுமையானது என்றால், கீச்சான் அன்று கண்ணில் படவில்லை என்பது ஒரு தகவல். சும்மா அழகான பறவைகளை மட்டும் எழுதிய பட்டியலில் கீச்சான் இல்லை என்றால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இருந்தும் எழுதாமல் விட்டிருக்கலாம். கடைசியாகப் பார்த்த நாளை உறுதி செய்வது அதற்குப் பின்னால் வரும் அந்தப் பறவை இல்லாத இரண்டு மூன்று முழுமையான பட்டியல்கள்தான். பறவை போன பிறகும் போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பருவத்தின் சிரமம். ஏப்ரல் பாதியில் வெயில் ஏறி, ஏரி காலியாகி, குழுவில் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்துவிடும்போது போடப்படும் பட்டியல்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

இது வெறும் ஆசைக்குச் சொல்வதில்லை. 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடி பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியது. நெடுந்தூரம் வலசை போகும் பறவைகள், இங்கேயே தங்கும் பறவைகளைவிட அதிகமாகக் குறைந்திருக்கின்றன என்று அதில் தெரிந்தது. அந்த 3 கோடியில் பெரும்பங்கு நம்மைப் போன்றவர்கள் ஏரிக்கரையில் நின்று தட்டியதுதான்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது

இலைக்கதிர்க்குருவிகள் மரத்து உச்சியில் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. அப்போது இனத்தின் பெயரை ஊகித்துப் போட வேண்டாம். "இலைக்கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை" என்று போடவே செயலியில் வழி இருக்கிறது. அதை அவமானமாக நினைக்கிறவர்கள் உண்டு. கூச்சமில்லாமல் அப்படி எழுதுகிறவருடைய மற்றப் பதிவுகளைத்தான் நான் நம்புவேன்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். நல்ல துணைதான், ஆனால் சாட்சி ஆகாது. கரிச்சான் வைரியைப்போலக் கத்திக் காட்டும், மைனாவும் கேட்டதையெல்லாம் பாடும். செயலி ஒரு பெயரைச் சொன்னால் அந்தத் திசையில் பாருங்கள், நீங்களே கண்டோ கேட்டோ உறுதியானால் எழுதுங்கள். கிளம்பும் முன் சில கதிர்க்குருவிகள் முழுப்பாட்டே பாட ஆரம்பிக்கும். குளிர்காலம் முழுக்க "டக் டக்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பிளித் நாணல் கதிர்க்குருவி, ஏப்ரலில் புதருக்குள்ளிருந்து நீளமாகப் பாடி ஆளைக் குழப்பும்.

பருவம் தப்பிய பறவையைப் பதிந்தால் செயலி குறிப்புக் கேட்கும். "உறுதி", "நன்றாகப் பார்த்தேன்" என்றெல்லாம் எழுதுவதில் பயனில்லை. என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்: அளவு, அலகு, காலின் நிறம், என்ன செய்துகொண்டிருந்தது, வேறு எதுவாக இருக்கலாம் என்று யோசித்து ஏன் ஒதுக்கினீர்கள். சரிபார்ப்பவரிடமிருந்து கேள்வி வந்தால் கோபப்படாதீர்கள். அவரும் ஊதியமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து பார்க்கிற ஒருவர்தான்.

குழுவில் சொல்வது

வாட்ஸ்ஆப் குழுவில் வரும் செய்திகளில் பாதி இப்படி இருக்கும்: ஒரு படம், கீழே "என்ன பறவை?" அவ்வளவுதான். எங்கே, எப்போது, எத்தனை எதுவும் இல்லை. இன்னும் சிலர் மூன்று வருடம் முந்தைய படத்தை இன்று காலைச் செய்திபோல அனுப்புவார்கள். அதை நம்பி ஒருவர் லீவு போட்டுவிட்டுக் கிளம்பியும் இருக்கிறார்.

உபயோகமான செய்தி இப்படி இருக்கும்:

"ஏப்ரல் 6, ஞாயிறு, காலை 6.15–7.00. ஏரியின் கிழக்குக் கரை, மதகுக்கு இடப்பக்க நாணல். மீசை ஆலா சுமார் 60. பழுப்புக் கீச்சான் 1. நீலச்சிறகி இல்லை (மார்ச் 30-இல் 14 இருந்தன). நாணலில் ஒரு கதிர்க்குருவி பாடியது, இனம் உறுதியில்லை. நாளை யாராவது போனால் கேட்டுச் சொல்லுங்கள்."

நாலு வரிதான். "இல்லை" என்றும் ஒரு செய்தி அதில் இருப்பதைக் கவனியுங்கள். முதலில் இது விநோதமாகப் படும். எங்கள் குழுவில் நான் "இன்று கீச்சான் இல்லை" என்று போட்டபோது ஒருவர், "இல்லாததை எல்லாம் சொன்னால் குழு தாங்குமா சார்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. எனவே பத்துப் பறவைகளை மட்டும் பேசி வைத்துக்கொண்டோம். பழுப்புக் கீச்சான், மாங்குயில், நீலவால் பஞ்சுருட்டான், தகைவிலான், நீலச்சிறகி, ஆறுமணிக்குருவி என்று போகும் அந்தப் பட்டியல். மார்ச் 15-இலிருந்து மே 10 வரை அவரவர் இடத்தில் இந்தப் பத்துக்கு மட்டும் உண்டு, இல்லை சொல்வது. வாரம் ஒரு முறை, ஞாயிறு இரவு, ஒரே செய்தியாக. மற்ற நாட்களில் வாயை மூடிக்கொள்வது. குழு தாங்கியது.

கூட்டாகப் போனால் ஒருவர் மட்டும் பட்டியல் போட்டு மற்றவர்களுக்கு இ-பேர்டிலேயே பகிர்ந்துவிடலாம். எல்லோர் கணக்கிலும் அது சேரும், ஆனால் அறுபது ஆலா ஐந்து பேரால் முந்நூறு ஆகாது. இருப்பதிலேயே கண் கூர்மையானவரை எழுத வைக்காதீர்கள். அவர் பார்க்கட்டும், இன்னொருவர் எழுதட்டும்.

சொல்லாமல் விடுவது

வலசை போகிறவை கிளம்பும் அதே நாட்களில் உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஆள்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் வற்றிய ஏரித் தரையில், சரளைக் கல்லோடு கல்லாக முட்டையிடும். தலைக்குமேல் ஆள்காட்டி விடாமல் கத்திச் சுற்றினால் நின்று ரசிக்க வேண்டாம். காலடியைப் பார்த்துக்கொண்டே வந்த வழியே திரும்புங்கள். அந்த வெயிலில் தாய் எழுந்து போனால் முட்டை வெந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டுப்போன பனையில் புள்ளி ஆந்தைப் பொந்து கண்டேன். மூன்று குஞ்சுகள் எட்டிப் பார்த்த அழகில் மயங்கி, படத்தோடு இடத்தையும் குழுவில் போட்டேன். அடுத்த ஞாயிறு பனைக்குக் கீழே பதினைந்து பேர். ஒருவர் மரத்தைத் தட்டினார், ஒருவர் கைபேசியில் ஆந்தைக் குரலைப் போட்டார். அதற்கடுத்த வாரம் பொந்து காலி. பறக்கத் தயாராகித்தான் போயினவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது. கூடு, பொந்து, ஆந்தை அடையும் மரம் ஆகியவற்றைக் குஞ்சு பறந்து போகும்வரை குழுவில் சொல்வதில்லை. பட்டியலில் எழுதுவேன், ஆனால் குறிப்பில் மரத்தை அடையாளம் காட்ட மாட்டேன். ஆபத்தில் உள்ள சில இனங்களின் இடத்தை இ-பேர்டு தானே மறைத்துவிடும். வாட்ஸ்ஆப்புக்கு அந்த வசதி கிடையாது. கைபேசிப் படத்தைக் கோப்பாக அனுப்பினால் எடுத்த இடமும் அதற்குள் சேர்ந்தே போகும், அதையும் பாருங்கள். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை இந்த மாதங்களில் அறவே விட்டுவிடுங்கள். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து, அது குஞ்சுக்கு இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடி வரும்.

வேடந்தாங்கல் போன்ற இடம் வேறு கணக்கு. அங்கே கூடு கட்டுவது ஊரறிந்த விஷயம், கரையில் நின்று பார்த்தால் பறவை சட்டை செய்யாது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த அந்த ஊரார், 1798-இலேயே அப்போதைய ஆட்சியரிடம் பறவைகளுக்குப் பாதுகாப்பை எழுத்தாக வாங்கிவிட்டார்கள்.

மே வந்த பிறகு

மே முதல் வாரத்தில் உட்கார்ந்து, உங்கள் பத்துப் பறவைக்கும் கடைசித் தேதியை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, அதற்குப் பிறகு எத்தனை முழுமையான பட்டியல் போட்டீர்கள் என்றும் எழுதுங்கள். பூஜ்யம் என்று வந்தால் அந்தத் தேதி பறவை போன நாளைக் காட்டாது. நீங்கள் நிறுத்திய நாளைத்தான் காட்டும். நான்கைந்து பேர் தாள்களைச் சேர்த்து வைத்தால் ஏரிக்கு ஏரி வித்தியாசம் தெரியும். முதலில் வற்றிய ஏரியிலிருந்து முதலில் கிளம்பியிருக்கும்.

மே, ஜூனிலும் மாதம் இரண்டு முறையாவது போய்வாருங்கள். முதிராத கரைப்பறவைகள் சில வடக்கே போகாமல் இங்கேயே கோடையைக் கழிக்கும். ஜூலைக் கடைசியில் சேற்றில் ஒரு கொசு உள்ளானைப் பார்த்து "முதல் வரவு!" என்று குழுவில் போடும் முன் அந்த இரண்டு மாதப் பட்டியல்களைப் புரட்டுங்கள். அது போகவே போகாத ஆளாக இருக்கும்.